உனக்குத் தர்றேன், அவனுக்கு இல்ல

என் வீட்டுக்காரருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால், இரவல் கொடுத்த பொருள் திரும்பக் கைக்கு வரும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். படிக்கு வெளியே நிற்பாள். வெயிலானாலும் தூறலானாலும் அப்படியே நிற்பாள். "உள்ள வாங்க அண்ணி" என்று கூப்பிட்டால், "மொதல்ல என் அருவாள எடுத்துகினு வா" என்பாள். அரிவாள் வந்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, பிடி ஆடுகிறதா என்று பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே வருவாள். வந்து உட்கார்ந்துவிட்டால் அவளைப்போலச் சிரித்துப் பேச ஆள் கிடையாது. என் மகளை மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டுவாள். கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் இரண்டு சட்டி குடிப்பாள்.

ஆனால் பொருள் கைக்கு வராத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் வாசலோடு திரும்பிப் போவாள்.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் திருமழிசைக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து நடந்தால் அரைமணி நேரம். கல்யாணமாகி நாலாம் வருஷமே புருஷன் போய்விட்டான். குழந்தை இல்லை. அவன் விட்டுப்போன நிலத்தைத் தானே உழுது, தானே தண்ணீர் இறைத்துப் பயிர் வைத்தாள். பொம்பளை ஏர் பிடிப்பதா என்று ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு பேசுகிறவர்களுக்கே அலுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். குடி கிடையாது. என்மேல் கை ஓங்கியது கிடையாது. அவர் இருக்குமிடத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வேலை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்திலேயே கையிலிருக்கும் பொருளையும் விட்டுவிட்டு வந்துவிடுவார், அவ்வளவுதான். அக்காளுடைய பித்தளைக் குடத்தைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் விட்டார். அவளுடைய ஏணியை யார் கொல்லையிலோ சாத்திவிட்டு வந்தார். நினைவு வந்து போய்ப் பார்த்தபோது பாதியைக் கரையான் தின்றிருந்தது. யார் கேட்டாலும் கொடுப்பார். தன்னுடையதா, இரவல் வாங்கியதா என்று பார்க்கமாட்டார்.

இரவல் கேட்கப் போகிற வேலை என்னுடையது. "நீ போயி கேளுமே. நான் கேட்டா அக்கா கத்தும். உன்ன பாத்தா குடுத்துடும்" என்பார். நானும் போவேன். அண்ணி என் முகத்தைப் பார்ப்பாள். "அவன் அனுப்பிச்சானா?" என்பாள். தலையாட்டுவேன். உள்ளே போய் எடுத்துவந்து கொடுப்பாள். எந்தக் கிழமை திருப்பித் தர வேண்டும் என்று சொல்வாள். அந்தக் கிழமை, சொன்ன பொழுதுக்கு, எங்கள் வாசலில் நிற்பாள்.

ஒருமுறை கடப்பாரை. கொட்டகைக்குக் கால் நட வாங்கிவந்தோம். அவர் அதை மாங்காட்டில் ஒரு சிநேகிதனிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சிநேகிதன் குன்றத்தூரில் கிணறு வெட்டுகிற யாருக்கோ கொடுத்துவிட்டான். அண்ணி வந்து கேட்டபோது இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தொலஞ்சு போச்சு போலக்கீது அக்கா" என்றார்.

"தொலஞ்சு போச்சுன்னு சொல்லாத. தேடலன்னு சொல்லு" என்றாள் அவள்.

அப்படியே மாங்காட்டுக்கு நடந்தாள். அங்கே விசாரித்துக்கொண்டு குன்றத்தூருக்கு நடந்தாள். வெயில் சாயும் நேரத்தில் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத் திரும்பிப் போனாள். இரும்பு சுடாமலிருக்க முந்தானையை மடித்துத் தோளுக்குக் கீழே வைத்திருந்தாள். இவர் கொல்லையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா போனதைப் பார்க்கக்கூட இல்லை. நான் பார்த்தேன். அதற்கப்புறமும் அவள் கொடுக்காமல் நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் புரியாமலிருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன். "நான் இல்லன்னா என் தம்பி இன்னொருத்தர் ஊட்டு வாசல்ல போயி நிப்பான். அத நான் பாத்துகினு இருக்கணுமா?" என்றாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்காரர்களுக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு பகலெல்லாம் மாட்டு வண்டிகள் போகும். நல்ல கூலி. எங்களிடம் வண்டி இருந்தது, மாடு இல்லை. இவருக்கு அக்காளுடைய ஜோடி மேல் கண் விழுந்தது. ஒன்று மயிலை, ஒன்று செவலை. கன்றிலிருந்து அவள் வளர்த்தவை. அந்தமுறை என்னை அனுப்பவில்லை, அவரே போனார். நானும் கூடப் போனேன்.

அண்ணி மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"ஒரு நாளைக்கி ரெண்டு நடைதான். மூணாவது நடை ஓட்டக்கூடாது. லாடம் கழண்டா அன்னிக்கே அடிச்சிடணும். வெள்ளிக்கெழம உச்சிப்பொழுதுக்கு ரெண்டும் என் கொட்டகையில நிக்கணும்."

"நீ இன்னாக்கா, நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்று சிரித்தார் இவர்.

புதன்கிழமை சாப்பிடும்போது, "செவலைக்கு ஒரு லாடம் உழுந்துடுச்சு. நாளிக்கி அடிச்சுக்கலாம்" என்றார். வியாழக்கிழமை மூன்று நடை போனார். நான் லாடம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணிக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும். அரைமணி நடைதானே. புருஷனைக் காட்டிக்கொடுப்பதா என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உச்சிக்கு மாடு வரவில்லை. அண்ணி வந்தாள். வாசலுக்கு வெளியே, நிழல் இல்லாத இடத்தில் நின்றாள். "எந்தப் பக்கமா வருவான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "இதோ வந்துடுவாரு அண்ணி" என்றேன். சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் சொம்பைப் பார்த்தாள், ஆவடி ரோட்டுப் பக்கம் பார்த்தாள், வாங்கவில்லை. நான் உள்ளே போய்க் குழந்தையைத் தூங்கப் போட்டேன். திரும்பிவந்து பார்த்தேன், நின்றிருந்தாள். அரிசி களைந்தேன், அடுப்பு மூட்டினேன், வடித்தேன். ஒவ்வொரு தடவை எட்டிப் பார்க்கும்போதும் அதே இடத்தில் நின்றிருந்தாள். லாடம் விழுந்தது எனக்குத் தெரியும். நாலு அடி நடந்துபோய்ச் சொல்லிவிடலாம். சொல்லவில்லை.

பொழுது நன்றாகச் சாய்ந்த பிறகு வண்டி திருப்பத்தில் தெரிந்தது. எனக்கு வண்டி வருகிறது என்று மட்டும்தான் தெரிந்தது. அண்ணி, "செவலை கால ஊனல" என்றாள். ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திக் காலைத் தூக்கிப் பார்த்தாள். குளம்பு பிளந்து, பிளவுக்குள் ஜல்லித் துண்டு ஏறி, சீழ் கட்டியிருந்தது. மாடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"லாடம் எப்ப கழண்டுச்சு?"

"இன்னிக்கிதான் அக்கா. வர்ற வழில" என்றார் இவர்.

"இது இன்னிக்கித் தேஞ்ச குளம்பு இல்லடா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

நுகத்தடியை அவிழ்த்தாள். தலைப்பைக் கிழித்துக் குளம்பைக் கட்டினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாயிருந்திருக்கும். இரண்டு கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்டு, "இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காத தம்பி. கேட்டாலும் இல்ல" என்றாள். செவலை ஓரடி எடுத்துவைக்கும்வரை நிற்பதும் மறுபடி நடப்பதுமாக, அந்த அரைமணி வழியை எவ்வளவு நேரத்தில் கடந்தாளோ தெரியாது.

செவலை அதற்கப்புறம் நுகம் சுமக்கவில்லை. நொண்டியாகவே இருந்தது. விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நொண்டி மாட்டைக் கறிக்குத்தான் வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேறொரு இளம் மாட்டை வாங்கி மயிலைக்கு ஜோடி சேர்த்தாள். செவலைக்குத் தினமும் குளம்பைக் கழுவி வேப்பெண்ணெய் விட்டாள்.

கேட்டாலும் இல்லை என்றவள் இல்லை என்றே இருந்தாள். கோபம் நாலு நாளில் ஆறிவிடும் என்று இவர் நினைத்தார். பத்தாம் நாள் களைக்கொத்து கேட்டுப் போனார். வெறுங்கையோடு வந்தார். அடுத்த மாதம் ஒரு முறம் கேட்டு என்னை அனுப்பினார். "அவன் அனுப்பிச்சானா?" என்றாள். ஆமாம் என்றேன். "இல்ல பொண்ணே" என்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் மூன்று முறம் மாட்டியிருந்தது. இரண்டு பேரும் அந்த முறங்களைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது முதன்முதலாக இவர் முகத்திலிருந்த சிரிப்பு போனது. "கூடப் பொறந்தவனுக்கு ஒரு மொறம் குடுக்க மனசு வரல அதுக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார். ஊரும் அவளைத்தான் பேசியது. கல்நெஞ்சுக்காரி என்றது. ஆனால் பொங்கலுக்கு அவள் வழக்கம்போல வந்தாள். குழந்தைக்குப் பாவாடை கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள் மட்டும், "தம்பி, இளச்சுப் போயிட்டியே, இருமல் கீதா?" என்று கேட்டாள். பதில் வராததை அவள் பொருட்படுத்தவில்லை. போகிறபோது, "வரேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் நான் கத்தரி வைத்தேன். குத்தகைக்கு எடுத்த துண்டு நிலம், ஓரத்தில் மாடு பூட்டி இறைக்கிற கவலைக் கிணறு. மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். பின்வாங்கி ஏறினால் சால் கீழே போகும். நாற்று நட்டதும் களை எடுத்ததும் எரு போட்டதும் நான். இவர் யார் வண்டியிலாவது ஆளாக ஆவடிக்குப் போய்க்கொண்டிருந்தார். பூ எடுக்கும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. ஊரிலிருந்த மாடெல்லாம் ஆவடி ரோட்டில் இருந்தது. தண்ணீர் இறைக்க ஒரு ஜோடி கிடைக்கவில்லை. இலை சுருள ஆரம்பித்தது. அந்த வருஷம் நாங்கள் சாப்பிட வேண்டியது அந்தச் செடியில்தான் இருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் வேலையை நிறுத்தினாள்.

"அவன் அனுப்பிச்சானா?"

"இல்ல அண்ணி. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"மாடு வேணும். கத்தரி காயுது."

அவள் கொட்டகையைப் பார்த்தாள். மயிலையும் புது மாடும் நின்றிருந்தன. செவலை படுத்திருந்தது. இந்த வீட்டில் நான் கேட்கக்கூடாத ஒரே பொருளைக் கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"உனக்குத் தர்றேன். அவனுக்கு இல்ல" என்றாள். "கயித்த நீதான் புடிக்கணும். காலைல நீ வந்து ஓட்டினு போ, சாயங்காலம் நீயே கொண்டாந்து கட்டு. நடுவுல வேற யாரு கை பட்டாலும் அன்னியோட சரி."

"எனக்குக் கவலை ஓட்டத் தெரியாதே அண்ணி."

"எனக்கும் மொதல்ல தெரியாமதான் இருந்துச்சு" என்றாள்.

மூன்று நாள் ஓட்டினேன். முதல் நாள் பாதி சால் கிணற்றிலேயே கொட்டியது. மூன்றாம் நாள் சால் கட்டிய வடத்தின்மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கப் பழகிவிட்டேன். இவருக்கு அது பிடிக்கவில்லை. "ஆம்பள நான் ஒருத்தன் கீறேன், நீ மாடு ஓட்டினா ஊரு இன்னா பேசும்?" என்றார். "அப்ப நீங்க வந்து மடை மாத்துங்க" என்றேன். வரவில்லை.

நாலாம் நாள் வந்தார். சிநேகிதன் ஒருவனும் கூட வந்தான். அவனுடைய மாடு பூந்தமல்லி ரோட்டில் படுத்துவிட்டதாம். ஏற்றிய செங்கல் வண்டி நடுரோட்டில் நிற்கிறதாம்.

"ஒரே ஒரு நடை. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடறேன். அவுத்துக் குடுமே."

"முடியாதுங்க. அண்ணி எங்கிட்ட குடுத்தாங்க."

சிநேகிதன் வேறு பக்கம் பார்த்தான். இவர் முகம் சிவந்தது. "எங்க அக்கா மாடு. நீ யாரு நடுவுல?"

"கேட்டுகினு வாங்க. அவங்க குடுன்னா குடுக்கறேன்."

அவர் கேட்டுக்கொண்டு வரமாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் மாட்டை அதட்டினேன். சரிவில் பாதி இறங்கியிருப்போம், சால் நிறைந்து கிணற்றின் நடுவில் தொங்கியது. இவர் விளையாட்டுபோலக் குதித்துவந்து முன்னால் நின்று மயிலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். புது மாடு மிரண்டது. இரண்டும் பின்னுக்கு ஏறின. சால் சரேலென்று கீழே இறங்கியது. வடம் என்னையும் இழுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடியது. மரத்தில் கட்டிய ஏணையில் குழந்தை அலறியது. எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. குதித்தும் வடத்தை விடவில்லை. விட்டால் மாடுகள் பின்னுக்குப் போய்க் கிணற்றில் விழும் என்று மட்டும் தோன்றியது. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்தது. கிணற்று மேடைக்கு இரண்டு முழம் இருக்கும்போது மாடுகள் நின்றன.

"அய்யோ, இன்னாமே இது!" என்று இவர் ஓடிவந்தார். என் கையைப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிஜமான கண்ணீர்தான். "இரு, எண்ண எடுத்தாறேன்" என்று வீட்டை நோக்கி ஓடினார். சிநேகிதனும் பின்னாலேயே போனான்.

நான் மரத்தடியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் திரும்பும்வரை பார்த்தேன். அவர் வரவில்லை. வழியில் சிநேகிதன் வேறு எங்கோ மாடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறான், கூடவே போய்விட்டார். எண்ணெய் மறந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார்.

பாதி நிலம் நனையாமல் கிடந்தது. இனி அங்கே மாட்டை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலிலேயே ஓட்டிப்போனேன்.

அண்ணி கொல்லையில் இருந்தாள். நேரத்தோடு வந்ததைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஒரு கீறல் இல்ல அண்ணி. கால் எல்லாம் பாத்துட்டேன். நீங்களும் பாத்துக்குங்க" என்றேன்.

"நான் மாட்ட பாக்கல பொண்ணே" என்றாள்.

என் இரண்டு கைகளையும் மணிக்கட்டில் பிடித்துத் திருப்பினாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. "வடம் வழுக்கிடுச்சு" என்றேன். செவலைக்கு வைத்திருந்த வேப்பெண்ணெயை ஊற்றி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகப் பேசினாள்.

"அவன் போட்டுட்டு வந்தத எல்லாம் பின்னாடியே போயி பொறுக்கினு வந்தவ நான்தான். குன்றத்தூரு வரைக்கும் நடந்தேனே. அவன போயி எடுத்துகினு வாடான்னு ஒரு தபா சொன்னேனா? சொல்லல. வெயில்ல கஷ்டப்படுவானேன்னு நானே போயிட்டேன்."

முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "உன் கையில கீற காயத்துல பாதி நான் பண்ணது" என்றாள்.

மறுநாள் காலை அவளே மாடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு வந்தாள். அவள் கவலை ஓட்டினாள். நான் கட்டுப்போட்ட கையோடு காலால் மண்ணைத் தள்ளி மடை மாற்றினேன். இவர் வரப்பில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"தம்பி, அவ கால்ல மண்ணு தள்ளிகினு கீறா. உனக்குக் கை நல்லாதானே கீது?" என்றாள் அண்ணி, மாட்டை நிறுத்தாமல்.

அவர் மண்வெட்டியை எடுத்தார். ஐந்து நாள், செடி தலைதூக்கும்வரை, மூன்று பேரும் வேலை செய்தோம். அந்த ஐந்து நாளும் மாட்டின் கயிறு அவள் கையில்தான் இருந்தது. ஒருதரம் அவள் தண்ணீர் குடிக்க இறங்கியபோது இவர் கை தானாகக் கயிற்றுப் பக்கம் நீண்டது. அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை என்னிடம் கொடுத்தாள். பிறகு சொம்பை எடுத்தாள். அவர் கையை மடக்கிக்கொண்டார். கத்தரி காய்த்தது.

சுதந்திரம் வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. நான் போய் உடனிருந்தேன். ஏழாம் நாள் போய்விட்டாள். அதற்கு முந்தின நாள் புருஷன் வழிப் பங்காளிகளையெல்லாம் கூப்பிட்டு, "நெலம் உங்களது, எடுத்துக்குங்க. மாடு மூணும் இவளுது. என் தம்பியுது இல்ல, இவளுது" என்றாள். இவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவள் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள்.

மூன்று மாடுகளும் எங்கள் வீட்டுக்கு வந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் நான் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். இவர் வந்து கொட்டகைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"ஆவடிக்கு ஒரு நடை கீது. மாட்ட குடுக்கிறியா?" என்றார்.

கல்யாணமான நாளாக அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அக்காளைப் பறிகொடுத்த முகம் இன்னும் தேறவில்லை. சவரம் செய்யாத தாடி. ஒரு நடைதானே, கொடுத்துவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேறு யார் வண்டிக்காவது ஆளாகப் போகலாம் என்று தெருவில் இறங்கி நடந்தார். அவர் முதுகு திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து, குழந்தைக்குக் கேட்காமல், தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மூன்று முறம் மாட்டிய சுவருக்கு முன்னால் நின்று என்னை வெறுங்கையோடு அனுப்பினாளே, அன்று நான் படி இறங்கியதும் அவள் என்ன செய்திருப்பாள் என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன். அவளுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.